விதைநெல்லும் நெல்லிக்கனியும்: தகடூர் ஔவை என்ற வழிகாட்டி

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகளில் ஒரு ஆள் தவறாமல் வருவார். வயதில் மூத்தவர், விஷயம் தெரிந்தவர். எந்தத் தண்ணியைக் குடிக்கலாம், எந்தச் சத்தம் கேட்டால் ஓடணும், எப்போது அடிக்கணும் என்று சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அவர் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே செத்திருப்பார்கள். ஆனால் கதை பாதி தாண்டியதும் அவர்மேல் நமக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். இவர் இந்தப் பிள்ளைகளைக் காப்பாத்துறாரா, இல்ல தனக்கு வேண்டிய மாதிரி வார்த்தெடுக்கிறாரா?

'செவன் சீட்ஸ்' அனிமே பார்த்தவர்களுக்குக் கனமே என்ற பெயர் நினைவிருக்கும். தமுரா யூமி என்பவர் 2001-இலிருந்து 2017 வரை வரைந்த மங்கா அது. 2019-இல் நெட்ஃப்ளிக்ஸில் அனிமேவாக வந்தது. பூமியை விண்கல் தாக்கப்போகிறது என்று தெரிந்ததும், ஜப்பானிய அரசு இளைஞர்கள் சிலரை உறையவைத்து எதிர்காலத்துக்கு அனுப்புகிறது. மனித இனத்தின் விதைகள் அவர்கள். 5 குழுக்கள், குழுவுக்கு 7 பேர், கூடவே ஒரு வழிகாட்டி. அதில் 'கோடை ஏ' என்ற குழு மட்டும் தனி ரகம். சின்ன வயதிலிருந்தே பிள்ளைகளை ஒரு மூடிய வளாகத்துக்குள் வளர்த்து, போட்டி வைத்து, கழித்துக் கழித்து 7 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசித் தேர்வில் பிள்ளைகள் நிஜமாகவே சாகிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பழக்கிய ஆசிரியர்களில் ஒருவர்தான் கனமே. பிறகு தானும் உறைந்து, அவர்களோடு அந்த அழிந்த உலகத்துக்கு வந்து சேர்கிறார்.

அவர் சொன்ன எதிர்காலம் உண்மையாகிவிடுகிறது. சிக்கலே அங்கேதான். கணிப்பு பொய்யாகியிருந்தால் அவரைக் கொடுங்கோலர் என்று சொல்லிவிட்டு நாம் தூங்கப் போயிருக்கலாம். கணிப்பு சரி, பயிற்சியும் வேலை செய்தது என்றால், வழியில் செத்த பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தக் கேள்வியின் மிகப் பழைய வடிவம் ஒன்று நான் இருக்கிற தருமபுரியிலேயே இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூரின் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் பக்கத்தில் நின்ற வழிகாட்டி ஔவையார். நெல்லிக்கனி கதையோடு நாம் நிறுத்திக்கொள்வதால் அந்த அம்மாவின் சிக்கலான பாதி நம் கண்ணில் படுவதில்லை. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில், எந்த ஔவை?

கையில் கோல், நரைத்த தலை, நெற்றியில் திருநீறு. இதுதான் நம் மனசில் இருக்கிற ஔவை. 1953-இல் வந்த ஜெமினி படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்த ஔவை அந்த உருவத்தை அப்படியே பதித்துவிட்டார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுதிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். அவர் குழந்தைகளுக்கு அறம் சொன்னவர்.

தகடூர் ஔவை வேறு. சங்க இலக்கியத்தில் அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அதில் 33 புறநானூற்றில். அவர் கிழவி என்று நம்பவைக்கிற சான்று அந்தப் பாடல்களில் எனக்குக் கிடைக்கவில்லை. மாறாக, கள் குடிக்கிறார், கறிச்சோறு சாப்பிடுகிறார், யாழைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஒரு பாட்டில் எதிரி மன்னன் ஒருவன் அவரை 'விறலி' என்று கூப்பிட்டு, "உங்க ஊர்ல சண்டை போடறவங்க இருக்காங்களா?" என்கிற மாதிரி விசாரிக்கிறான். ஆடிப் பாடிப் பிழைக்கிற கலைஞரைக் கூப்பிடுகிற பெயர் அது. ஆகவே கோயில் மண்டபத்துப் பாட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சிற்றரசனின் முகாமில் கூடவே இருந்த பாடகியை மனசில் கொண்டுவந்தால்தான் இனி வருவது புரியும்.

அதியமானும் வெறும் இலக்கியப் பாத்திரம் இல்லை. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981-இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. 'சதியபுதோ' அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது துறவிகளின் உறைவிடம், என்று அது சொல்கிறது. அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற சத்தியபுத்திரர் யார் என்று நெடுநாள் நடந்த விவாதத்துக்கு இந்த ஒரு வரி பெரிய வெளிச்சம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஜம்பை தகடூரில் இல்லை. அது கோவலூர்ப் பக்கம். கோவலூர் மலையமான்களுடைய ஊர். அதை அஞ்சி போரில் வென்றதாக ஔவையே பாடுகிறார் (புறம் 99).

தகடூரில் உலகம் எப்படி அழிந்தது

விண்கல் விழுந்தால்தான் உலகம் அழியுமா என்ன? ஊர் எரிந்தால் அந்த ஊர்க்காரனுக்கு அதுதான் உலக அழிவு. சங்கப் பாடல்களைச் சேர்த்து வைத்துப் படித்தால் சிற்றரசர்களின் உலகம் ஒவ்வொன்றாக அணைவது தெரியும். மூவேந்தரும் முற்றுகையிட்ட பாரியின் பறம்பு போனது. ஓரியின் கொல்லிமலை போனது. அடுத்து தகடூர்.

தகடூரை அழித்தவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டமே 'தகடூர் எறிந்த' என்பதுதான். ஊர் அழிந்ததையே அடையாளமாக வைத்திருக்கிறான் பாருங்கள். கோவலூரை இழந்த காரி சேரனிடம் போனான், அதுதான் தகடூர்ப் போரில் முடிந்தது என்று இலக்கிய வரலாறு எழுதியவர்கள் கோத்துச் சொல்வார்கள். இந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று தனி நூலே இருந்தது. முழு நூல் இன்று இல்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சிதறிய பாடல்கள்தான் மிச்சம். ஊரும் போனது, ஊர் போன கதையும் போனது.

இன்றைக்குச் சேலம் போகிற சாலையில் அதியமான்கோட்டை என்ற ஊர் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துப் பெயராகத்தான் பலருக்கும் அது தெரியும்.

அவர் கற்றுக்கொடுத்தது என்ன?

இப்போது ஔவையின் போர்ப் பாடல்களைப் பார்ப்போம். எதிரிகளுக்கு எச்சரிக்கை சொல்கிற பாடல்கள் நிறைய. ஒரு நாளைக்கு 8 தேர் செய்கிற தச்சன் ஒரு மாசம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படி ஒருவன் எங்களிடம் இருக்கிறான், களத்துக்கு வராதீர்கள் என்கிறார் (87).

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தவை இரண்டு பாடல்கள். இரண்டிலும் ஒரு நீர்த்துறை, இரண்டிலும் ஊர்ச் சின்னப் பிள்ளைகள். முதல் பாட்டில் (94) யானை தண்ணியில் படுத்திருக்கிறது, பிள்ளைகள் அதன் தந்தத்தைக் கழுவிவிடுகிறார்கள். அதியமான் எங்களுக்கு அப்படி இனியவன், பகைவருக்கோ மதம் பிடித்த யானை என்கிறார். இரண்டாவதில் (104) பிள்ளைகள் விளையாடிக் கலங்கின முழங்கால் அளவுத் தண்ணி. அந்தக் கலங்கலுக்குள் முதலை இருக்கிறது, யானையையே இழுத்துச் சாய்த்துவிடும். இளைஞன்தானே என்று எங்கள் தலைவனை எடைபோடாதீர்கள் என்பது செய்தி.

தனித்தனியாகப் படித்தால் இரண்டும் அழகான உவமைகள். சேர்த்துப் படித்தால் லேசாகக் குளிரெடுக்கும். பிள்ளைகள் விளையாடுகிற அதே தண்ணியில்தான் கொல்லும் பிராணியும் இருக்கிறது. தகடூரில் ஆதரவும் ஆபத்தும் ஒரே துறையில் இருந்தன என்பது ஔவைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அதைப் புகழ்ச்சியாக மாற்றுகிறார்.

அடுத்து புறம் 100. அதியமானுக்கு மகன் பிறந்திருக்கிறான். களத்திலிருந்து அப்படியே வந்து குழந்தையைப் பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பெல்லாம் வேர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண். பகைவனைப் பார்த்துச் சிவந்த கண், பெற்ற பிள்ளையைப் பார்த்தும் சிவப்பு ஆறவில்லை. நாமாக இருந்தால், "மொதல்ல குளிச்சிட்டு வாப்பா, அப்புறம் புள்ளயத் தூக்கு" என்று சொல்லியிருப்போம். ஔவை அதைச் சொல்லவில்லை. அந்தச் சிவந்த கண்ணைத்தான் பாடுகிறார்.

அந்த மகன்தான் பொகுட்டெழினி என்று கொள்வது வழக்கம். அவனைப் பற்றி ஔவை சொல்கிற உவமை இன்னும் அழுத்தமானது (102). உப்பு வணிகர்கள் வண்டியில் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். மாடுகளோ இளசு, நுகத்தடி பழகாதவை. பள்ளம் மேடு எப்படி இருக்குமோ என்று வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிவைப்பார்கள். சேம அச்சு. பிள்ளை அந்தச் சேம அச்சு. இன்றைய பேச்சில் சொன்னால் ஸ்டெப்னி. அப்பா என்கிற அச்சு முறியும் நாளை எதிர்பார்த்தே பிள்ளையைப் பார்க்கிற பார்வை இது. பாசம் இல்லாத பார்வை என்று சொல்லமாட்டேன். ஆனால் 'கோடை ஏ' குழுவைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்த உவமையை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஔவை மட்டும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. தகடூர் யாத்திரையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பொன்முடியார் இன்னும் வெளிப்படையாகப் பாடியவர். பெறுவது தாயின் வேலை, சான்றோன் ஆக்குவது தந்தையின் வேலை, வேல் வடிப்பது கொல்லன் வேலை, ஒழுக்கம் தருவது வேந்தன் வேலை, யானையை வெட்டிச் சாய்த்துத் திரும்பி வருவது பையன் வேலை என்று ஒரு பட்டியலே போடுகிறார் (312). ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு பிள்ளையைப் போருக்குத் தயாரிக்கிற வரிசை அது. இதைப் பள்ளியில் கடமையுணர்ச்சி என்று படித்தோம். பட்டியலில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. திரும்பி வராத பையனைத் தேடுகிற வேலை யாருக்கும் இல்லை.

தூது: சமாதானமா, மிரட்டலா?

ஔவையைச் சமாதானத் தூதர் என்று சொல்வதற்கு நாம் காட்டுகிற சான்று புறம் 95. தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலோடு எல்லாம் பளபளவென்று இருக்கிறது என்று பாராட்டுகிற தொனியில் ஔவை சொல்கிறார். எங்கள் ஆளுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார்.

இந்தப் பேச்சால் போர் நின்றது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது உண்டு. பாட்டை எடுத்துப் பாருங்கள், அதில் அப்படி எதுவும் இல்லை. பாட்டின் அடியில் பின்னால் வந்தவர்கள் எழுதிய குறிப்பும் 'தூது போனபோது ஆயுதக் கொட்டிலைக் காட்ட, பாடியது' என்பதோடு நின்றுவிடுகிறது. பாட்டுக்குள் இருப்பது சமாதான வாதம்கூட இல்லை. "எங்க ஆளு அனுபவசாலி, உன் ஆளுங்க புதுசு" என்கிற கணக்கு. கத்தியைக் காட்டிச் சண்டையைத் தவிர்ப்பதும் தவிர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தி தொடர்ந்து குத்திக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும்.

வேறு மாதிரியும் பேச முடியும் என்பதற்கு அதே புறநானூற்றில் ஆள் இருக்கிறார். கோவூர் கிழார். சோழர் இரண்டு பேர் மோதிக்கொண்டபோது, ரெண்டு பேர் கழுத்திலும் ஆத்திமாலைதானே, யார் தோத்தாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று நேராகவே கேட்டார் (45). மலையமானுடைய பிள்ளைகளை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோது குறுக்கே நின்றார். இந்தப் பிள்ளைகள் யானையைப் பார்த்த வேடிக்கையில் அழுகையை மறந்தவை, இந்தக் கூட்டத்தைப் பார்த்து மிரள்கின்றன, பார்த்துக்கொள், அப்புறம் உன் இஷ்டம் என்றார் (46). எதிரியின் பிள்ளையும் பிள்ளைதான் என்று பார்க்கிற கண் அது. ஔவையின் அதியமான் பாடல்களில் அந்தக் கண்ணைத் தேடினேன். எதிரியின் பிள்ளைகள் அங்கே கண்ணில் படவே இல்லை.

யார் பிழைக்க வேண்டும்?

இப்போது நெல்லிக்கனி. புறம் 91-இன்படி, ஏறுவதற்கு அரிய மலைப்பிளவில் இருந்த நெல்லி. சாவை விலக்கும் அதன் பலனை அதியமான் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். சிறுபாணாற்றுப்படையும் வள்ளல் எழுவரைச் சொல்லும்போது இதையே அவன் அடையாளமாகச் சொல்கிறது.

கனியின் மருத்துவம் எனக்கு இங்கே முக்கியமில்லை. இது ஒரு தேர்வு. செவன் சீட்ஸில் யார் பிழைக்க வேண்டும் என்பதை உடல் வலு, திறமை, மரபணு என்று அளந்து முடிவு செய்கிறார்கள். அதியமானிடம் ஒரே ஒரு இடம் இருந்தது. போர்வீரனுக்கோ மகனுக்கோ தனக்கோ கொடுக்காமல், பாடுகிற ஆளுக்குக் கொடுத்தான். உணவோ ஆயுதமோ உண்டாக்கத் தெரியாத, நடந்ததைச் சொல்ல மட்டும் தெரிந்த ஒருவரை விதையாகப் பொறுக்கியிருக்கிறான்.

யாருக்கு யார் வழிகாட்டி என்பதும் இங்கே குழம்பிவிடுகிறது. இன்னொரு பாட்டில் (92) ஔவை, என் பேச்சு குழந்தையின் மழலை மாதிரி, யாழோடும் சேராது, பொருளும் விளங்காது, ஆனாலும் தகப்பனுக்கு அதன்மேல் அன்பு வரும், அப்படித்தான் நீ எனக்குத் தருகிறாய் என்கிறார். தன்னைப் பிள்ளையாகவும் அவனைத் தகப்பனாகவும் வைக்கிறார். அவன் சோற்றில்தான் வாழ்ந்தார். ஒருமுறை பரிசு தாமதமானபோது வாயிற்காவலனிடமே கோபித்துக்கொண்டு, எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று மூட்டை கட்டினார் (206). கனமேவுக்குப் பின்னால் ஒரு அரசே இருந்தது. ஔவையின் பின்னால் யாழ் மூட்டை மட்டும்தான். ஆனால் கிளம்பிப் போகிற உரிமை அவருக்கு இருந்தது. அந்த மூடிய வளாகத்துப் பிள்ளைகளுக்கு இல்லாதது அதுதான்.

விதைநெல்லைத் தின்றது யார்?

தகடூர் அழிந்தபோது அரிசில் கிழார் ஒரு பாட்டுப் பாடினார் (புறம் 230). அந்தப் போரில் விழுந்த எழினிக்கான இரங்கல் அது. எழினி என்பது அதியர் குடியில் பலருக்கு இருந்த பெயர். அவன் ஆட்சியில் கன்றுகள் காட்டில் பயமில்லாமல் தங்கின, வழிப்போக்கர்கள் நினைத்த இடத்தில் படுத்துத் தூங்கினார்கள், களத்து நெல்லுக்குக் காவல் வேண்டியிருக்கவில்லை. பிறகு கூற்றுவனைத் திட்டுகிறார். நொடித்துப்போன உழவன் விதைநெல்லை எடுத்துத் தின்ற மாதிரி நீ இவனைத் தின்றுவிட்டாய்.

இதுவரைக்கும் கண்ணீர் வரவேண்டிய இடம். அடுத்து வருகிறதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. இவனை நீ விட்டுவைத்திருந்தால், இவன் போரிடும் களத்தில் எத்தனையோ பகைவர் உயிரைத் தின்று வயிறு நிறைந்திருப்பாயே என்கிறார். அப்படியென்றால் இந்த விதையிலிருந்து முளைத்திருக்கக்கூடிய விளைச்சல் எது? இன்னும் பிணங்கள். ஒரு நல்ல தலைவனுக்கான நல்ல இரங்கல் பாட்டிலேயே, அவனால் சாவுக்கு லாபம் என்ற கணக்கு வெளியே வந்துவிடுகிறது. கன்றுகள் நிம்மதியாகத் தங்கின என்பதும் நிஜம், இதுவும் நிஜம்.

இதே அரிசில் கிழார்தான் தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினவர். 9 நூறாயிரம் காணம் பரிசாகக் கிடைத்தது, அரியணையையே கொடுத்தபோது வேண்டாம் என்று அமைச்சுப் பதவி ஏற்றார் என்று அதன் பதிகம் சொல்கிறது. அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனமில்லை. புலவர்களின் பிழைப்பு அப்படி. தோற்றவனுக்கு அழுதுவிட்டு ஜெயித்தவன் வீட்டில் சாப்பிட வேண்டியிருந்தது.

அழிந்த பிறகு ஒரு வழிகாட்டி என்ன செய்வார்?

பறம்பு அழிந்த பிறகு கபிலர் என்ன செய்தார் என்பது தெரியும். பாரியின் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நடந்தார். விச்சிக்கோனிடம் போய்க் கேட்டார், இருங்கோவேளிடம் போய்க் கேட்டார், இவர்களை மணந்துகொள் என்று. மறுத்தவனைக் கடிந்துகொண்டார். கடைசியில் வடக்கிருந்து உயிர்விட்டார். அழிவுக்குப் பின் மிஞ்சின பிள்ளைகளைக் கரைசேர்ப்பது ஒரு வழி.

ஔவை செய்தது வேறு. ஊதாத கொம்புக்கும் அடிக்காத முரசுக்கும் ஆள் தேடவில்லை. பழிவாங்கச் சொல்லி ஒரு பாட்டும் இல்லை. அதியமானின் சிதைக்கு முன் நிற்கிறார் (231). நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள், அதைப் பார்க்கிறார் (232). நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தத் துளிக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்கிறார். அதே பாட்டில், இனிக் காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்கிறார். நெல்லிக்கனியால் நீண்ட ஆயுள் பெற்றவர் சொல்கிற வார்த்தை இது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு 235. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் குடிப்பான் என்று ஆரம்பிக்கிறார். மணக்கிற தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறார். அப்புறம் அந்த வேல். அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கேயே நிற்கவில்லை. பாணர்களின் மண்டையில், அதாவது அவர்கள் ஏந்துகிற பாத்திரத்தில் ஓட்டை போட்டு, இரந்தவர்களின் கைகளைத் துளைத்து, சுற்றத்தாரின் கண் ஒளியை மங்கவைத்து, புலவர்களின் நாவில் போய் விழுகிறது.

95-ஆம் பாட்டோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வேல் ஒரு பெருமை. முனை மழுங்க மழுங்க மதிப்பு கூடுகிற பொருள். அது யார் மார்பில் பாய்ந்தது, பாய்ந்த பிறகு எந்த வீட்டுச் சோற்றுப் பானையில் ஓட்டை விழுந்தது என்ற பேச்சே இல்லை. இங்கே முதல்முறையாக ஔவை ஒரு வேலின் முழுப் பாதையையும் பின்தொடர்கிறார். தொண்டைமான் பக்கத்து வேல்களுக்கும் அதியமான் எறிந்த வேல்களுக்கும் இதே பாதைதான் இருந்திருக்கும். ஔவை அதைச் சொல்லவில்லை. ஆனால் 235-ஐப் படித்தவர்கள் 95-ஐ மறுபடி படித்தால் பழையபடி சிரிக்க முடியாது.

கனமேவுக்கும் ஔவைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. இரண்டு பேரும் கடினமான காலத்தைச் சரியாகக் கணித்தவர்கள், இரண்டு பேரும் பிள்ளைகளைச் சேம அச்சாகப் பார்த்தவர்கள். ஆனால் ஔவை, இழப்பு வந்தபோது அதை அவசியமான விலை என்று கணக்குக் காட்டவில்லை. பாடினால் வாங்க ஆள் இல்லாத நிலையிலும் நஷ்டத்தை நஷ்டம் என்றே பாடினார். அதனால் அவர் முன்பு பாடினதெல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. இரண்டையும் ஒரே ஆள் பாடினார் என்று வைத்துக்கொண்டுதான் மரியாதை செய்ய வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் இப்போது எதற்கு?

தருமபுரியைச் சுற்றி ஹாஸ்டலோடு கூடிய பள்ளிகளும் கோச்சிங் வளாகங்களும் நிறைய. 'பிராய்லர் பள்ளி' என்ற வார்த்தையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 11-ஆம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு 2 வருஷமும் 12-ஆம் வகுப்புப் பாடத்தையே ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் 11-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதையும் 2017-இல் நிறுத்தினார்கள். பிறகு நீட் வந்தது, வளாகங்கள் வேறு பாடத்துக்கு மாறிக்கொண்டன.

அங்கே இருக்கிற வாத்தியார்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியாது. "வெளிய உலகம் கொடூரமா இருக்கு, இப்ப கஷ்டப்பட்டாத்தான் பொழைப்ப" என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வறண்ட மாவட்டம் இது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளை டாக்டராகிறது என்றால் அது சின்ன விஷயமும் இல்லை. கணிப்பு சரிதான். பயிற்சியும் சிலருக்குப் பலிக்கிறது.

நான் கேட்க நினைப்பது ஔவையின் பாடல்களிலிருந்து வருகிற கேள்விகளைத்தான். அந்த வளாகத்தில் இருக்கிற பிள்ளைக்கு, கோபம் வந்தால் 206-ஆம் பாட்டு மாதிரி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா? ஜெயித்த பிள்ளையின் படத்தை ஃப்ளெக்ஸில் போடுகிறவர்கள், வழியில் உடைந்த பிள்ளைக்காக 235-ஆம் பாட்டு மாதிரி வேலின் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தார்களா? நல்ல வழிகாட்டியா என்பதை ஜெயித்தவர்களை வைத்து மட்டும் முடிவு செய்தால் கனமேவுக்கும் ஔவைக்கும் வித்தியாசமே தெரியாது.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். வில்லோடும் வாளோடும் நிற்கிற ஆட்கள். எந்த அரசன் காலத்தில், யாருடைய ஆள், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று எழுத்து இருக்கிற கற்கள் சொல்லும். அவனுக்கு வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் பார்த்த எந்தக் கல்லிலும் இல்லை. தகடூர் விஷயத்தில் மட்டும் அந்தப் பெயர் நமக்குத் தெரியும். அவரே பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பெருமை பேசினதையும் அழுததையும் சேர்த்தே.